பத்தாம் ஆண்டின் முதுகு

நூலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளன்று மட்டும் யாராவது கூப்பிடுவார்கள். நடந்தால் காலடி கேட்காது. கதவைத் திறந்தால் கீல் முனகாது. பக்கத்தில் வந்து எவ்வளவு நேரம் நின்றாலும் தொண்டையைக் கனைக்க மாட்டாள். தற்செயலாகத் திரும்பியவர்கள் தூக்கிவாரிப்போட்டு, "எப்ப வந்தே நீ?" என்பார்கள். "இப்பதான்" என்பாள். பெரும்பாலும் அது பொய்யாக இருக்கும்.

பயந்த பிறவி. பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், எழுந்து பாடத்தை வாசி என்று ஆசிரியை சொன்னார். எழுந்தாள். எழுத்தெல்லாம் தெரிந்தது, குரல்தான் வரவில்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. கடைசியில் அந்த வயிற்றுவலி பள்ளிக்கூடத்தையே விழுங்கி ஏப்பம் விட்டது.

அக்கா வீட்டிலிருந்தபடி துணி தைப்பவள். அவளிடம் ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி சொல்லி நூலகத்தின் பைண்டிங் அறையில் தங்கைக்கு வேலை கிடைத்தது. உதிரி இதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துக் காலிகோ துணி போட்டுக் கட்டுவார் பைண்டர். கட்டின் முதுகில் ஆண்டு எண் அச்சிட்ட சீட்டை ஒட்டுவது அவள் வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. பசையும் சீட்டும் அவளும். பைண்டர் ஓய்வு பெற்று அந்த அறையை மூடியபோது அவளை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே இதழ்ப் பிரிவில், தினமும் தபாலில் வரும் இதழ்களைப் பிரித்துக் கணினியில் பதிய வேண்டும். கற்றுக்கொண்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆண்டுக்கொருமுறை நீட்டித்தார்கள். நீட்டிக்கும் மாதம் வந்தால் அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

எல்லாப் பயத்துக்கும் மேலான பயம் ஒன்று கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அதற்குச் சக்கர அலமாரி என்று பெயர்.

இடம் போதாத நூலகங்களில் இப்படிப்பட்ட அலமாரிகளைப் பார்க்கலாம். இரும்பு அலமாரிகள் ரயில் பெட்டிபோல் தண்டவாளத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நடுவில் வழி கிடையாது. வேண்டிய அலமாரியின் பக்கவாட்டில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் அது நகர்ந்து ஓர் ஆள் நுழைகிற சந்து திறக்கும். வேலை முடிந்து இன்னோர் அலமாரியைச் சுற்றினால் முதல் சந்து மூடிக்கொள்ளும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சுற்ற வேண்டியது சுற்றுகிறவர் பொறுப்பு. சுற்றுகிறவர் சக்கரக்காரர். அங்கே இருபது வருஷமாக இருக்கிறவர், தங்கமான மனிதர், நன்றாகச் சிரிக்கப் பேசுவார். ஆனால் இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதும் அதன் இஷ்டத்துக்குத்தான் கேட்கும்.

ஒருமுறை அவள் உள்ளே குனிந்து ஓர் இதழ்க்கட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அலமாரி நகர்ந்தது. "அண்ணே" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரும்பு வந்து தோளைத் தொட்டது. ஏதோ ஒரு புத்தகம் குறுக்கே விழுந்து தண்டவாளத்தில் தடுத்ததால் அங்கேயே நின்றது. "என்னடா இது, சக்கரம் சுத்த மாட்டேங்குது" என்று சக்கரக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, "பூனைக்கு ஒம்போது உயிராமே. ஒண்ணு போச்சு, எட்டு இருக்கு, போ" என்றார். அவளும் சிரித்து வைத்தாள். அன்றோடு சரி. அந்தச் சந்துக்குள் அவள் இரண்டாம் தரம் கால் வைக்கவில்லை. இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. சக்கரக்காரருக்கே தெரியாது.

இந்த நிலையில்தான் மேடம் அவளைக் கூப்பிட்டார். மேடம் இதழ்ப் பிரிவின் தலைவி. நாலு நாட்டுக் கூட்டங்களுக்குப் போய் வருகிறவர்.

இதழ்களுக்குக் கணக்கு வைப்பது சாமானியக் காரியமில்லை. புத்தகம் ஒரு தடவை பிறந்தால் முடிந்தது. இதழ் மாதாமாதம் பிறக்கும், பெயரை மாற்றிக்கொள்ளும், இரண்டு ஒன்றாகும், ஒன்று இரண்டாகும், சொல்லாமல் கொள்ளாமல் செத்தும் போகும். ஆகவே பல நாட்டு நூலகங்கள் கூடி ஒரு பொதுப் பட்டியல் வைத்திருந்தன. ஓர் இதழுக்கு உலகம் முழுவதும் ஒரே எண், ஒரே பதிவு. எந்த நாட்டில் இதழ் வெளிவந்ததோ அந்த நாட்டு நூலகம்தான் அந்தப் பதிவுக்குத் தாய்வீடு. தாய்வீட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் எல்லா நாட்டிலும் மாறிவிடும். இப்போது அதில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்திருந்தது. எல்லா ஊரிலும் இடநெருக்கடி. ஒரே பழைய இதழைப் பத்து நூலகம் ஏன் சுமக்க வேண்டும்? ஓர் இதழ் தாய்வீட்டில் முழுசாக இருக்கிறது என்று பதிவில் ஏறிவிட்டால், மற்றவர்கள் தங்கள் பிரதியைக் கழித்துக் காகித ஆலைக்கு அனுப்பிவிடலாம்.

"ஒரே நிபந்தனைதான்" என்றார் மேடம். "ஒவ்வொரு கட்டையும் திறந்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் 'முழுசு'ன்னு எழுதணும். இங்க இருக்கிறவங்க எல்லாம் வாய்தான். நீ ஒருத்திதான் கண்ணு. நீ பாத்தா பாத்ததுதான்."

"சரிங்க மேடம்."

"இந்த வேலை நல்லா முடிஞ்சா உன் நிரந்தர விஷயத்தையும் மேல பேசலாம்."

அவள் தலையாட்டினாள். அடித்தளத்துக்குப் போகணுமே என்ற நினைப்பில் அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதில் பாதிதான் விழுந்தது.

மாடி அலமாரிகளில் இருந்தவற்றை ஒழுங்காகத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் 'முழுசு' எழுதினாள், அல்லது இல்லாததை எழுதினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு 'பயிர்நோய்' வந்தது. எப்போதோ மூடிவிட்ட ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் நாற்பது வருஷம் நடத்திய மாத இதழ் அது. கட்டுகள் அடித்தளத்தில், கடைசிச் சந்தில், கடைக்கோடியிலிருந்து வாசல்வரை நீண்டிருந்தன.

சக்கரக்காரர் சந்தைத் திறந்துவிட்டு, "போம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். சொன்ன கையோடு அந்தப் பக்கம் போய் வேறு ஏதோ வேலை பார்க்க ஆரம்பித்தார். அவள் சந்தின் வாசலில் நின்றாள். உள்ளே ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். தோள் தானாகச் சுருங்கியது. நாற்பது கட்டையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லலாம். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஏன் நீயே போகக்கூடாது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பயமாக இருக்கிறது என்றா?

கையில் டார்ச் இருந்தது. வாசலில் நின்றபடியே அடித்தாள். வெளிச்சம் வரிசையாக முதுகுகளில் ஊர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரைக்கும் ஓர் எண் விடாமல் இருந்தது. கைக்கு எட்டிய கடைசி இரண்டு கட்டுகளை மட்டும் இழுத்துத் திறந்தாள். இரண்டும் சரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இன்னொரு சமாதானமும் இருந்தது. நாற்பது வருஷ உதிரி இதழ்களையும் அவள் காலத்தில்தான் கட்டினார்கள். அந்தச் சீட்டுகளை ஒட்டியவளே அவள்தான். ஓரம் பிசகாமல், சுருக்கம் விழாமல், தன் கையால் ஒட்டியது. தன் கையையே நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவது?

மாடிக்கு வந்து 'முழுசு' என்று எழுதினாள்.

அடுத்த வாரங்களில் வெளிநாடுகளிலிருந்து செய்திகள் வந்தன. கணினியில், பதிவின் அடியில், சின்ன எழுத்தில் வரும். 'உறுதிப்படுத்தியதற்கு நன்றி. எங்கள் பிரதியைக் கழிக்கிறோம்.' முகம் தெரியாதவர்கள், பெயரிடத்தில் இரண்டு எழுத்து மட்டும் போடுகிறவர்கள். அவர்கள் எழுதும் மொழியில் அவளுக்குத் தெரிந்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் 'நன்றி' தெரியும். யாரும் தனக்கு இவ்வளவு தடவை நன்றி சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டாள். மேடம் கூட்டத்துக்குப் போய் வந்து, "பயிர்நோய் நம்மகிட்ட முழுசா இருக்குன்னு சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க" என்றார்.

பிறகு ஒரு புதன்கிழமை அந்தக் கோரிக்கை வந்தது. எங்கோ ஒரு நாட்டில் கிழங்குப் பயிரெல்லாம் வாடிச் சாகிறது. இதே நோய் முன்பு ஒருமுறை வந்து தானாக அடங்கியதாம். அது எப்படி அடங்கியது என்று 'பயிர்நோய்' பத்தாம் ஆண்டு இதழ்களில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஊர் நூலகத்தில் அந்தத் தொகுதி இப்போது இல்லை. உங்களிடம் முழுசாக இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. அந்தப் பக்கங்களை அனுப்ப முடியுமா?

அவள் சீட்டு எழுதிக் கீழே அனுப்பினாள். சக்கரக்காரர் முழங்காலைத் திட்டிக்கொண்டே கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். தூசி பறந்தது. முதுகில் பத்து என்ற சீட்டு, ஓரம் பிசகாமல், சுருக்கம் விழாமல் இருந்தது.

திறந்தாள். ஒன்பதாம் ஆண்டு, முதல் இதழ்.

கண் பிசகியதோ என்று மூடி, முதுகைப் பார்த்துவிட்டு, மறுபடி திறந்தாள். ஒன்பதாம் ஆண்டு. பக்கங்களைப் புரட்டினாள். இரண்டாம் இதழ், ஐந்தாம் இதழ், கடைசி இதழ் எல்லாமே ஒன்பதாம் ஆண்டு. நூலகத்துக்கு அந்த ஆண்டு இரண்டு பிரதி வந்திருக்கிறது. பைண்டர் ஒரு பிரதியை ஒன்பது என்று கட்டி, இன்னொன்றைப் பத்தாம் ஆண்டின் இடத்தில் வைத்துக் கட்டிவிட்டார். கட்டுகள் வரிசையாக வந்தன. அவள் வரிசையாகச் சீட்டு ஒட்டினாள். உண்மையான பத்தாம் ஆண்டு உதிரி இதழ்களோடு குப்பைக்குப் போனதோ, கட்டாமலே கரையான் தின்றதோ, அது யாருக்குத் தெரியும்.

கட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் சக்கரக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காது கேக்காதவன்கிட்ட கிசுகிசுன்னு பேசுறவ நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவள் பதிவைத் திறந்து அடியில் இருந்த நன்றிகளை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை அவை நன்றியாகத் தெரியவில்லை. கழித்துவிட்டோம் என்று ஒரு பெரிய நூலகம். கழித்துவிட்டோம் என்று இன்னொன்று. கடைசியாக ஒரு சிறிய விவசாயக் கல்லூரி நூலகம், பெட்டிகளில் கட்டி வைத்துவிட்டோம், வெள்ளிக்கிழமை லாரி வருகிறது என்றது. உலகத்தில் பத்தாம் ஆண்டு மிச்சம் இருந்தால் அந்தப் பெட்டிகளில்தான் இருக்க வேண்டும். அவள் எழுதிய ஒரு சொல்லை நம்பி நாளை மறுநாள் அதுவும் கூழாகப் போகிறது.

எழுந்து மேடம் அறை வாசலுக்குப் போனாள். மேடம் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கதவோரம் நின்றாள். பேசி முடித்தார், வேறு காகிதத்தை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசினார். வாசலில் ஒருத்தி நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை. அவளும் தெரிவிக்கவில்லை. வந்த வழியே திரும்பினாள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "என்னடி, முகம் இப்படி இருக்கு?"

"தலைவலி."

"சின்ன வயசுல வயித்துவலி, இப்ப தலைவலியா. வலி மேல ஏறிட்டு வருது" என்றார் அத்தான். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். கை கழுவிக்கொண்டே பேசுவார். "இன்னிக்கு ஒரு கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஏழு பேரு. கதவை நெம்பித் திறந்து, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். ஏழு பேரும் ஒரே குரல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'நான் பட்டனைத் தொடல.' உயிர் பொழைச்சதைக்கூட சொல்லல. எந்த ஊர் லிஃப்ட்ல யாரு மாட்டினாலும் முதல் பேச்சு அதுதான்."

அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

"தொட்டேன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா அத்தான்?"

அவள் கேள்வி கேட்பதே அபூர்வம். அத்தான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தபடி யோசித்தார். "ஒரே ஒரு அம்மா சொன்னாங்க. எல்லா பட்டனையும் அமுக்கிட்டேன் தம்பின்னாங்க. எனக்கு அரை மணி நேர வேலை மிச்சமாச்சு. எங்க கெட்டுப்போச்சுன்னு தேட வேண்டியதில்லையே. ஏன், எதைத் தொட்டே நீ?"

"ஒண்ணுமில்ல."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போகாது, தெரியுமில்ல?" என்றார். அவருக்கு அவளுடைய நூலகத்துப் பெயர் தெரியும். சாதாரணக் கேலிதான். அவளுக்கு அது ஈரக்குலையில் தைத்தது.

வியாழக்கிழமை காலை மேடம் வரவில்லை. தலைமை அலுவலகத்தில் கூட்டமாம், மத்தியானம்தான் வருவார் என்றார்கள். கேட்டபோது அவளுக்கு முதலில் நிம்மதி வந்தது, பிறகுதான் பயம். மத்தியானம் என்றால் அந்தக் கல்லூரி இருக்கும் ஊரில் அலுவலகமே முடிந்துவிடும். மறுநாள் லாரி.

பதிவைத் திறந்தாள். 'முழுசு' என்ற சொல்லின் மேல் அழுத்தினால் மாற்ற விடும். மாற்றினால் காரணம் கேட்கும். காரணங்கள் வரிசையாக இருந்தன. அச்சுப்பிழை, பெயர் மாற்றம், சேதம், திருட்டு. கடைசியில், பார்க்காமல் உறுதி செய்தோம்.

விரல் சேதத்தில் போய் நின்றது. கரையான் அரித்தது, மழைநீர் புகுந்தது, எந்த நூலகத்தில் நடக்கவில்லை? பத்தாம் ஆண்டு சேதமாகிவிட்டது என்று எழுதினால் அந்தக் கல்லூரி பத்தாம் ஆண்டை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மேடம் அடுத்த கூட்டத்தில் கரையானைத் திட்டுவார். அத்தோடு முடிந்தது.

முடியவில்லை. இருமுனையிலும் எரிகிற கொள்ளியில் எறும்பு அகப்பட்டாற்போல் அவள் மனம் ஓடியது. பத்தாவது தப்பு என்று இன்றைக்குத் தெரியும். இருபதாவது? முப்பதாவது? அவள் திறந்தது இரண்டே இரண்டு கட்டு. மற்றதெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த முதுகு. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, சக்கரக்காரருக்கும் தெரியாது, உலகத்தில் எவருக்கும் தெரியாது. சேதம் என்று எழுதினால் அவற்றின் மேல் இருக்கும் 'முழுசு' அப்படியே நிற்கும். லாரி அவற்றை ஏற்றிக்கொண்டு போகும்.

கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கடைசி வரியை அழுத்தினாள். எந்தெந்தத் தொகுதி என்று கேட்டது. எல்லாம் என்றாள். உறுதியாகவா என்று கேட்டது. அதைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, உறுதி என்றாள்.

குறிப்புக்கு இடம் இருந்தது. தனக்குத் தெரிந்த சில சொற்களை வைத்துக் கட்டினாள். 'பத்தாம் ஆண்டு எங்களிடம் இல்லை. மற்றவற்றைத் திறந்து பார்க்கவில்லை. தயவுசெய்து எதையும் கழிக்க வேண்டாம்.' இலக்கணம் சரியா என்று தெரியவில்லை. அடியில் தன் இரண்டு எழுத்தைப் போட்டாள்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி அடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை. ஆனால் இத்தனை நாட்டு மேசைகளில் இப்போது இது தெரிகிறது என்று நினைத்தபோது, ஒன்பதாம் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

மத்தியானம் மேடம் வந்தார். பை தோளிலேயே இருந்தது. அவள் மேசைக்கு நேராக வந்தார். அப்படி வந்ததே இல்லை.

"கூட்டத்துல உக்காந்திருக்கேன். வெளிநாட்டுல இருந்து எனக்குச் செய்தி வருது, உங்க நூலகத்துல என்ன ஆச்சுன்னு. எனக்கு ஒண்ணும் தெரியல. முழிச்சேன்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "பக்கத்து ரூம்ல நான் இருக்கேன். உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு எங்கிட்ட கடைசில சொல்றியா? அதையும் சொல்லலையே நீ."

"நேத்து வந்தேன் மேடம்."

"எங்க வந்தே?"

"உங்க ரூம் வாசலுக்கு. நின்னேன்."

"நின்னியா? எவ்வளவு நேரம்?"

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஏன் திறந்து பாக்கல? சோம்பேறி இல்ல நீ. எனக்குத் தெரியும்."

அவள் மேசை மேல் இருந்த இதழை மூடி வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். சந்து, சக்கரம், தோளில் வந்து தொட்ட இரும்பு, 'அண்ணே' என்று கூப்பிட்டது, யாருக்கும் கேட்காதது, எல்லாம் சொன்னாள். கட்டட வேலைக்காக ஒருவர் ஏணியோடு கடந்து போனார். அவர் போகும்வரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

மேடம் தோளிலிருந்த பையை இறக்கி மேசையில் வைத்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். "உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல எல்லாக் கட்டையும் திற. நீயே திற." போகும்போது திரும்பி, "நிரந்தரம் பத்தி இப்ப எங்கிட்ட கேக்காதே" என்றார். அவள் கேட்டதே இல்லை.

அந்த 'அப்புறம்' அவள் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. அதைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை காலை வந்தாள். பதிவைத் திறக்கவே பயம். திறந்தாள். முதல் செய்தி பெரிய நூலகத்திலிருந்து வந்திருந்தது. எங்கள் பிரதி போன மாதமே ஆலைக்குப் போய்விட்டது, வருந்துகிறோம். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது செய்தி கல்லூரியிலிருந்து வந்திருந்தது. நீளமாக இருந்ததால் பாதி புரியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டினாள்.

லாரி ஏற்றுவதற்கு முன் பதிவைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பது அவர்கள் வழக்கமாம். பார்த்திருக்கிறார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டார்கள். பத்தாம் ஆண்டு இருக்கிறது. ஆனால் கடைசி மாத இதழ் இல்லை. அவர்களிடம் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. நோய் பற்றிய கட்டுரை நடுவில் ஓர் இதழில் இருக்கிறது. அதைப் படம் எடுத்து, கேட்டவருக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: 'எங்கள் கட்டுகளையும் நான் முதுகைப் பார்த்துத்தான் பதிந்தேன். இன்று திறக்கத் தொடங்குகிறேன்.' பெயரிடத்தில் இரண்டு எழுத்து.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. கடைசி மாத இதழ் எங்குமே இல்லை. பெரிய நூலகத்தில் இருந்திருக்கலாம். அது கூழாகி, அட்டைப்பெட்டியாகி, இந்நேரம் யார் வீட்டிலோ செருப்பு வைத்திருக்கும். பதிவில் எழுதினாள்: 'பத்தாம் ஆண்டு, கடைசி இதழ்: எங்கும் கிடைக்கவில்லை.' அந்த வரி அவள் இருக்கும்வரை அங்கே இருக்கும். அவள் போன பிறகும் இருக்கும்.

பிறகு அடித்தளத்துக்குப் போனாள்.

சக்கரக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடம் அவரிடம் பேசியிருக்க வேண்டும். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஏம்மா, இவ்வளவு நாளா மனசுல வெச்சுக்கிட்டா இருந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களுக்குக் கேக்காதே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அது எப்படியோ கேட்டுடுச்சு பாரு." எழுந்து போய்ச் சந்தைத் திறந்தார். சக்கரத்தின் நடுவில் இருந்த திருகாணியைத் திருகி, கைப்பிடியைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தார். கனமான இரும்பு. "இது உங்கிட்ட இருக்கிற வரைக்கும் எவனாலயும் உருட்ட முடியாது. நானே நெனச்சாலும் முடியாது. மத்த அலமாரியோட கைப்பிடியும் வேணுமா? எல்லாத்தையும் கழட்டித் தரேன், மாலையா கோத்துப் போட்டுக்கோ."

இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. ஒரு திருகாணி. கேட்டிருந்தால் அன்றைக்கே கழற்றிக் கொடுத்திருப்பார்.

கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பயம் போகவில்லை. இரண்டு பக்கமும் இரும்பு, மேலே மங்கலான குழல் விளக்கு. கடைக்கோடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு முதல் கட்டை இழுத்தாள். முதல் பக்கம், கடைசிப் பக்கம். சரி. இரண்டாவது, சரி. ஒவ்வொன்றையும் திறக்கும் முன் மூச்சைப் பிடித்தாள், பார்த்த பிறகு விட்டாள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து குரல் வந்தது. "உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னது?"

"இருக்கேன்!"

இருபத்து மூன்றாம் கட்டைத் திறந்தாள். முதல் பக்கம் சரி. கடைசிப் பக்கம் சரி. நிபந்தனைப்படி இவ்வளவு போதும். மூடப் போனவள் நிறுத்தி, நடுவில் விரலை விட்டுப் புரட்டினாள். மூன்றாம் மாதத்துக்கு அடுத்து ஏழாம் மாதம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒன்றுமில்லை. நிபந்தனையே தப்பு என்றால், மாடியில் ஒழுங்காகப் பார்த்தோம் என்று நினைத்திருந்த கட்டுகள் அத்தனையும் என்ன ஆவது?

அந்த நிமிஷமே எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. எழவில்லை. கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"அண்ணே! இங்கயும் இல்ல!"

இரும்பில் பட்டு அவள் குரல் அவளிடமே திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய குரல் தனக்குள் இருந்ததா என்று அவளே அரண்டுபோனாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் சக்கரக்காரர் வெளியிலிருந்து. "எந்த வருஷம், சொல்லு. எழுதிக்கிறேன்."